வகுப்பறையிலிருந்து வாடிக்கையாளர் பக்கம்: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தனியார் பள்ளி ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேலை நன்றாகப் பழகிப்போயிருக்கும். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஏப்ரல், மே வெயிலில் நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் அட்மிஷன் கேட்பது. காரிமங்கலம் பக்கத்தில் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "வேன் எங்க ஊர் வரைக்கும் வருமா? ஃபீஸை எத்தனை தவணையா கட்டலாம்? இப்ப படிக்கிற ஸ்கூலை விட நீங்க எதுல மேல?" என்று கேட்கும் அப்பாவுக்குப் பதில் சொல்வீர்கள். போன் நம்பர் வாங்கிக்கொண்டு நாலு நாள் கழித்து மறுபடி கூப்பிடுவீர்கள். கடைசியில் பிள்ளையைச் சேர்க்க வைப்பீர்கள். இதே வேலைக்குத்தான் கம்பெனிகளில் பிசினஸ் டெவலப்மென்ட் என்று பெயர் வைத்து, தனிச் சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கிறார்கள்.

நான் கணக்கு ஆசிரியராக இருந்துவிட்டு இப்போது ஓசூரில் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் பொறுப்பைப் பார்க்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணலிலும் உட்காருகிறேன். வரும் ஆசிரியர்களில் பலர் "பாடம் நடத்துறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கேட்கவே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அது உண்மையே இல்லை. விளக்கிச் சொல்லும் திறமை, கோபத்தோடு வரும் பெற்றோரைச் சமாளிக்கும் பொறுமை, ஒரே விஷயத்தை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிச் சொல்லும் பழக்கம் எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. குறைவது இரண்டுதான்: பேசுவதற்கு முன் கேட்பது, கூச்சமில்லாமல் பணத்தைப் பற்றிப் பேசுவது. இந்த இரண்டும் பழகிவிட்டால் மற்றதெல்லாம் சில மாதங்களில் கற்றுக்கொள்ளக் கூடியவை.

இது தனியார் பள்ளி ஆசிரியர்களுக்காக எழுதியது. அரசுப் பள்ளியில் நிரந்தரப் பணியில் இருப்பவர்களின் கணக்கு வேறு. அவர்கள் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

படி 1: எதற்காகப் போகிறோம் என்பதை எழுதி வையுங்கள்

சம்பளம் போதவில்லை என்பது ஒரு காரணம். பத்து வருடம் நடத்தினாலும் அதே எட்டாம் வகுப்பு, அதே நோட்டுத் திருத்தம் என்ற சலிப்பு இன்னொரு காரணம். இரண்டுக்கும் இந்த மாற்றம் உதவும். ஆனால் "மனுஷங்ககிட்ட பேசிப் பேசி அலுத்துப்போச்சு" என்பதுதான் உங்கள் காரணம் என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள். இங்கே பேச்சு இன்னும் அதிகம். கணக்கு எழுதும் வேலை, பாடநூல் எடிட்டிங், மென்பொருள் சோதனை போன்றவை உங்களுக்கு ஒத்துப்போகும்.

டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்று அரசுப் பணிக்காகக் காத்திருப்பவர்கள் "இதை விட்டுட்டுப் போனா அது போயிருமே" என்று தயங்குவார்கள். 2021-ல் வந்த மாற்றத்தின்படி டெட் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். 2011 முதல் தேர்ச்சி பெற்றவர்களுக்கும் இது பொருந்தும். வேறு வேலையில் இருந்துகொண்டே அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கலாம்.

அப்புறம், வீட்டுச் செலவைக் கணக்குப் போட்டு ஆறு மாதத்துக்கான தொகை கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைச் சேருங்கள். கையில் பணம் இல்லாமல் தேடுகிறவர் முதலில் வரும் வேலையைப் பிடித்துக்கொள்வார். இந்தத் துறையில் முதலில் வருவது பெரும்பாலும் சம்பளமே இல்லாத கமிஷன் வேலைதான்.

படி 2: எந்தக் கதவைத் தட்டுவது?

இந்தப் படியில் நிதானமாக யோசியுங்கள். "சேல்ஸ்ல எதுவா இருந்தாலும் பரவாயில்லை" என்று பத்துத் திசையில் விண்ணப்பிப்பவரை யாரும் கூப்பிடுவதில்லை. ஒரு துறையைத் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நம் பகுதியில் இருந்துகொண்டு நுழையக் கூடிய வழிகளைச் சொல்கிறேன்.

முதல் வழி, பள்ளிகளுக்கே விற்கும் நிறுவனங்கள். பாடநூல் பதிப்பகம், ஸ்மார்ட் கிளாஸ், ஆய்வகக் கருவிகள், ஃபீஸ் கணக்கும் வருகைப் பதிவும் பார்க்கும் பள்ளி மென்பொருள் எல்லாம் இதில் அடங்கும். ஆசிரியருக்கு மிக எளிதான வழி இது, ஏனென்றால் பள்ளிக்குள் யார் முடிவெடுப்பார் என்று உங்களுக்குத் தெரியும். முதல்வர் தலையாட்டினாலும் தாளாளர் கையெழுத்துப் போடாமல் எதுவும் நகராது. அக்கவுன்டன்ட் முகம் சுளித்தால் மென்பொருள் வாங்கியும் பயனில்லை. இதெல்லாம் வெளியாளுக்கு விளங்க ஒரு வருடம் ஆகும். பதிப்பகங்களில் மாதிரிப் புத்தகம் கொடுத்துப் பேசுவது குளிர்காலத்தில் தொடங்கும், ஆர்டர் கல்வியாண்டு முடியும் சமயத்தில் உறுதியாகும். அதனால் அவர்கள் சீசனுக்கு முன்பே ஆள் தேடுவார்கள்.

இரண்டாவது, ஓசூர்த் தொழிற்பேட்டை. அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் போன்ற பெரிய ஆலைகளைச் சுற்றி, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு, நடுத்தர நிறுவனங்கள் ஏராளம். போச்சம்பள்ளிப் பக்கம் மின் ஸ்கூட்டர் ஆலை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மின்னணு ஆலை என்று வட்டம் விரிந்துகொண்டே போகிறது. இந்தச் சிறு நிறுவனங்களில் சேல்ஸ் கோஆர்டினேட்டர், கஸ்டமர் கோஆர்டினேட்டர் என்ற பெயரில் வேலை இருக்கும். முதலாளிக்கு மெஷின் அத்துப்படி. ஆனால் வாங்கும் கம்பெனியின் பர்ச்சேஸ் அதிகாரிக்கு ஒழுங்காக மெயில் எழுதவும், டெலிவரி தாமதமானால் பொறுமையாகப் பேசவும் அவருக்கு ஆள் வேண்டும். கணக்கு, இயற்பியல் ஆசிரியர்கள் இங்கே நன்றாகப் பொருந்துவார்கள், வரைபடத்தைப் பார்த்துப் பயப்பட மாட்டார்கள். இந்த வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. என்னைக் கேட்டால், ஊரிலேயே இருந்து வளர நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் இல்லை.

மூன்றாவது, பெங்களூரு மென்பொருள் நிறுவனங்கள். கஸ்டமர் சக்சஸ், ஆன்போர்டிங் (புது வாடிக்கையாளரைத் தொடங்கி வைப்பது), இன்சைட் சேல்ஸ் (போனிலேயே விற்பது) ஆகியவை இங்கே முக்கியம். வாங்கியவருக்குச் சொல்லிக் கொடுத்து, அவர் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் கஸ்டமர் சக்சஸ். ஆசிரியர் குணத்துக்கு மிக நெருக்கமானது. ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய் வருபவர்கள் நிறையப் பேர். தருமபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாகப் போகும் ரயில் உண்டு. கிருஷ்ணகிரி நகரத்தில் ரயில் இல்லாததால் பஸ்தான். சரளமான ஆங்கிலம் இங்கே கட்டாயம்.

வங்கி, காப்பீடு, மியூச்சுவல் ஃபண்டு நான்காவது. ரிலேஷன்ஷிப் எக்சிகியூட்டிவ் என்று சம்பளத்தோடு வரும் வேலை வேறு, ஏஜென்டாகச் சேர்ப்பது வேறு. காப்பீட்டு முகவர் ஆக ஐசி-38 தேர்வும், மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர் ஆக என்ஐஎஸ்எம் 5-ஏ தேர்வும் எழுத வேண்டும். பின்னதில் 50 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும். தேர்வு உங்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. ஆனால் முகவர் வேலையில் மாதச் சம்பளம் கிடையாது, முதல் ஆண்டு சொந்தக்காரர்களையும் பழைய மாணவர்களின் பெற்றோரையும் நம்பித்தான் ஓடும். அந்த உறவுகளை அப்படிச் செலவழிக்க மனம் ஒப்புமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரி மாங்கூழ்த் தொழிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெங்களூரா என்று நாம் சொல்லும் தோத்தாபுரிதான் பெரும்பாலும் கூழாகி வெளிநாடு போகிறது. வெளிநாட்டு வாங்குபவரோடு கடிதப் போக்குவரத்து, மாதிரி அனுப்புவது, ஆவணங்கள் பார்ப்பது என ஆங்கிலமும் கொஞ்சம் வேதியியலும் தெரிந்தவருக்கு இடம் உண்டு. பிரிக்ஸ் (கூழின் சர்க்கரை அளவு), அமிலத்தன்மை என்றெல்லாம் பேச்சு வரும், வேதியியல் ஆசிரியருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. வேலை மாம்பழ சீசனை ஒட்டி ஏறி இறங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எந்த வழியானாலும் மொழி உங்களுக்கு ஒரு சொத்து. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெலுங்கும் கன்னடமும் வீட்டுத் திண்ணையிலேயே வந்திருக்கும். அதைச் சுயவிவரத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பெங்களூரு வாடிக்கையாளரிடம் கன்னடத்தில் ஒரு நிமிடம் பேசினால் அடுத்த பேச்சே இளகிவிடும்.

படி 3: செய்த வேலையைக் கம்பெனிக்குப் புரியும்படி எழுதுங்கள்

"பத்தாம் வகுப்புக்குக் கணிதம் கற்பித்தேன், வகுப்பாசிரியராக இருந்தேன், விழாக்களை ஒருங்கிணைத்தேன்." ஆசிரியர்களின் சுயவிவரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. படிப்பவருக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அதே மனிதர் இப்படி எழுதினால் வேறு மாதிரி இருக்கும்:

"42 மாணவர்களின் பெற்றோருடன் ஆண்டு முழுவதும் நேரடித் தொடர்பு, மாதந்தோறும் சந்திப்பு, புகார்களுக்குப் பதில்."

"சேர்க்கைப் பணியில் 5 கிராமங்களுக்குப் பொறுப்பு, சந்தித்த குடும்பங்களின் பட்டியல் பராமரித்து, தொடர்ந்து பேசி 18 சேர்க்கை."

"கட்டண பாக்கி வைத்திருந்த பெற்றோரிடம் பேசித் தவணை முறைக்குச் சம்மதிக்க வைத்தேன்."

எண்கள் உங்கள் சொந்த எண்களாக, உண்மையாக இருக்க வேண்டும். பழைய டைரி, வாட்ஸ்அப் குழு, சேர்க்கைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்கும். மூன்றாவது வரியைப் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். வேலைக்கு எடுப்பவர் முதலில் பார்ப்பதே அதைத்தான், ஏனென்றால் பணம் கேட்டு வாங்கத் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம்.

சுயவிவரம் ஒரு பக்கம் போதும். பி.எட்., பணிப் பட்டறைகள், மாணவர்களின் மதிப்பெண் சாதனைகள் எல்லாம் கடைசியில் இரண்டு வரியில் வரட்டும். தந்தை பெயர், மதம், திருமண நிலை இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

படி 4: மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ள வேண்டியவை

பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்து தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். மார்க் லிஸ்ட் போட்ட எக்செல் உங்களுக்குத் தெரியும். அதோடு பட்டியலில் தேடி எடுக்கும் விலுக்கப் (VLOOKUP), பட்டியலைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிஆர்எம் என்ற மென்பொருளில் யாரிடம் என்ன பேசினோம், அடுத்து எப்போது பேச வேண்டும் என்று பதிவு செய்வார்கள். ஸோஹோ சிஆர்எம்மில் மூன்று பேர் வரை இலவசமாகப் பயன்படுத்தலாம். அதில் ஒரு கணக்குத் தொடங்கி, இந்த ஆண்டு அட்மிஷன் பட்டியலையே ஏற்றிப் பழகிப் பாருங்கள். நேர்காணலில் "சிஆர்எம் தெரியுமா?" என்றால் காட்ட ஏதாவது இருக்கும். விற்பனை அடிப்படைக்கு ஹப்ஸ்பாட் அகாடமியில் இலவசப் பாடங்கள் உண்டு, ஆங்கிலத்தில் இருக்கும்.

தொழிற்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் ஒரு ஆர்டர் எப்படி நடக்கிறது என்பதை வரிசையாகத் தெரிந்துகொள்ள வேண்டும். விலை கேட்டு வரைபடத்தோடு மெயில் வரும். உற்பத்திப் பிரிவில் செலவுக் கணக்கு வாங்கி, நம் விலையைச் சொல்லும் கொட்டேஷன் அனுப்புவோம். பேரம் முடிந்து பர்ச்சேஸ் ஆர்டர் வரும். அதில் உள்ள விலை, அளவு, டெலிவரி தேதி மூன்றும் கொட்டேஷனோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பது உங்கள் வேலை, நோட்டுத் திருத்திய கண் இங்கே உதவும். அப்புறம் சரக்கு போகும், இன்வாய்ஸ் போகும், பணம் வரும் வரை பின்தொடர வேண்டும்.

இதில் நம் பகுதிக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. ஓசூரிலிருந்து சேலத்துக்கு விற்றால் மத்திய, மாநில ஜிஎஸ்டி இரண்டும் பாதிப்பாதியாக வரும். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருவுக்கு விற்றால் வேறு மாநிலம், அதனால் ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரி. சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இவே பில்லும் அப்படித்தான்: தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் வேண்டும், மாநிலம் தாண்டினால் 50,000-க்கு மேலே வேண்டும். நேர்காணலில் இதை ஒரு வாக்கியத்தில் சொன்னால் "பள்ளிக்கூடத்துல இருந்து வந்தவருக்கு இது எப்படித் தெரியும்?" என்று நிமிர்ந்து பார்ப்பார்கள்.

சிறு நிறுவனங்களுக்குப் பணம் இழுத்தடிக்கப்படுவது பெரிய தலைவலி. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். இதை மிரட்டலாகச் சொல்லாமல், நினைவூட்டலாக எழுதத் தெரிந்தவரை முதலாளி எளிதில் விட மாட்டார்.

படி 5: சொல்லும் வாயைக் கேட்கப் பழக்குங்கள்

நாற்பது நிமிடம் நாம் பேச, எதிரே அத்தனை பேரும் கேட்க வேண்டும் என்பது வகுப்பறைப் பழக்கம். வாடிக்கையாளரிடம் அதே பழக்கத்தில் போனால் வேலை நடக்காது. பள்ளி மென்பொருள் விற்கப் போன ஒரு முன்னாள் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். உள்ளே போனதும் "சார், எங்ககிட்ட பதினாலு மாட்யூல் இருக்கு" என்று ஆரம்பித்து ஒவ்வொன்றையும் விளக்குவார், அருமையாகவே விளக்குவார். தாளாளர் "சரிங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். அதோடு முடிந்தது.

அதே இடத்தில் பேச்சு இப்படிப் போனால்?

"சார், ஃபீஸ் பாக்கி கணக்கை இப்ப யார் பார்க்கிறாங்க?"

"நம்ம ஆபீஸ்ல இருக்கிற பொண்ணுதான். நோட்டுல எழுதி வச்சிருக்கு."

"மாசக் கடைசில பாக்கி லிஸ்ட் எடுக்க எவ்வளவு நேரம் ஆகுதுங்க?"

"ரெண்டு நாள் ஆயிருது. அதுலயும் டெர்ம் ஃபீஸும் வேன் ஃபீஸும் குழம்பிப்போயிருது."

"வேன் ஃபீஸ்லதான் அதிகமா விட்டுப்போகுதுங்களா?"

"ஆமாங்க. டிரைவர்கிட்டயே கொடுத்துட்டோம்னு போன வருஷம் நாலஞ்சு பேர் சொன்னாங்க. யாரைப் போய்க் கேக்குறது?"

இப்போது பதினாலு மாட்யூலும் தேவையில்லை. மடிக்கணினியைத் திறந்து வேன் கட்டண ரசீது எப்படி வருகிறது என்பதை மட்டும் காட்டினால் போதும். மூன்று கேள்வியில் அவரே தன் வலியைச் சொல்லிவிட்டார்.

அடுத்து விலை. "எவ்வளவுங்க?" என்று கேட்டதும் ஆசிரியர்கள் தடுமாறுவதை அடிக்கடி பார்க்கிறேன். தொகையைச் சொல்லிவிட்டு உடனே "ஆனா கொஞ்சம் குறைச்சுக்கலாம் சார்" என்று தாங்களே இறங்கி வந்துவிடுவார்கள். தொகையைத் தெளிவாகச் சொல்லுங்கள், அப்புறம் பேச்சை நிறுத்துங்கள். அவர் யோசிக்கட்டும். குறைக்கக் கேட்டால் பதிலுக்கு நீங்களும் ஒன்று கேளுங்கள்: "மூணு வருஷத்துக்கு எடுத்துக்கிறதா இருந்தா மேனேஜர்கிட்ட பேசிப் பார்க்கிறேன் சார்." எதையும் வாங்காமல் விலையை மட்டும் விட்டுக் கொடுத்தால், முதலில் சொன்ன விலையே பொய் என்று ஆகிவிடும்.

இதைப் பழக வீட்டிலேயே வழி இருக்கிறது. கணவரையோ, மனைவியையோ, சக ஆசிரியரையோ வாடிக்கையாளராக உட்கார வைத்துப் பேசி, போனில் பதிவு செய்து கேளுங்கள். பாதிக்கு மேல் உங்கள் குரல்தான் ஓடுகிறது என்றால் மறுபடி செய்யுங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், இரண்டாவது வாரத்தில் காது திறக்கும்.

சந்திப்பு முடிந்த அன்று மாலையே ஒரு மெயிலோ வாட்ஸ்அப்போ அனுப்புங்கள். நீங்கள் சொன்ன பிரச்சினை இது, நாங்கள் செய்யப்போவது இது, இந்தத் தேதிக்குள் செய்வோம் என்று சுருக்கமாக இருந்தால் போதும். "வணக்கத்துடன் தங்கள் மேலான கவனத்திற்கு" என்று நீட்ட வேண்டாம்.

படி 6: வேலை தேடுவது

நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் பெயரைப் பதியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கும், தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையதளத்துக்கும் ஒரு கண் வையுங்கள். முகாமுக்கு ஓசூர்த் தொழிற்பேட்டை நிறுவனங்களும் வரும்.

ஆனால் உங்களிடம் மற்றவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: பழைய மாணவர்கள். நீங்கள் பத்தாம் வகுப்பு நடத்திய பையன் இன்றைக்கு சிப்காட்டில் குவாலிட்டி பார்ப்பான், அந்தப் பெண் பெங்களூருவில் மனிதவளத் துறையில் இருப்பாள். "சார், நீங்களா!" என்று போன் எடுப்பார்கள். நேராக வேலை கேட்டால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். "உங்க கம்பெனியில கஸ்டமரைப் பார்க்கிற டீம்ல யாராவது இருந்தா, பத்து நிமிஷம் பேச முடியுமாப்பா?" என்று கேளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகிறது, எதற்குத் திட்டு விழும், எந்த மாதத்தில் ஆள் எடுப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்படி ஏழெட்டுப் பேரிடம் பேசிவிட்டால் எந்த விளம்பரமும் சொல்லாததைத் தெரிந்துகொள்வீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், யூனிஃபார்ம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நல்ல நிறுவனம் வேலை கொடுக்கப் பணம் வாங்காது. முதலில் நாலு பேரைச் சேர்த்துவிடச் சொல்லும் இடத்துக்கும் போக வேண்டாம்.

படி 7: நேர்காணலும் சம்பளப் பேச்சும்

"ஏன் டீச்சிங்கை விடுறீங்க?" என்பது கட்டாயம் வரும். பள்ளியைக் குறை சொல்லாதீர்கள், அது எவ்வளவு நியாயமான குறையாக இருந்தாலும் சரி. "சேர்க்கைப் பணியில் பெற்றோரிடம் பேசி முடிவெடுக்க வைத்தது எனக்குப் பிடித்திருந்தது, அதையே முழுநேரமாகச் செய்ய வருகிறேன்" என்றால் போதும். டார்கெட் அழுத்தம் தாங்குவீர்களா என்று கேட்டால், பொதுத்தேர்வு ரிசல்ட் நாளில் தாளாளர் அறையில் பாடவாரியாகக் கணக்குக் கேட்டதைச் சொல்லுங்கள். நம் மாவட்டப் பள்ளிகளில் அதைவிட டார்கெட் எங்கே இருக்கிறது?

சம்பளத்தில் மூன்று எண்களைப் பிரித்துப் பாருங்கள். ஆண்டுக்கு 3,60,000 என்று ஆஃபர் வந்தால் மாதம் 30,000 என்று நினைப்போம். அதில் 20 சதவீதம் டார்கெட் அடித்தால்தான் வரும் என்றிருந்தால் 6,000 போய்விடும். நிறுவனம் கட்டும் பிஎஃப் 1,800-ஐயும் அதிலேயே சேர்த்திருந்தால் மிச்சம் 22,200. உங்கள் பங்கு பிஎஃப் 1,800 பிடித்தால் கைக்கு வருவது 20,400. இதில் பெட்ரோல் உங்கள் செலவா, நிறுவனத்தின் செலவா என்பது தனிக் கேள்வி. தருமபுரியிலிருந்து பென்னாகரம், அரூர், பாலக்கோடு என்று வண்டியில் சுற்றும் வேலையில் அது சின்னத் தொகையே இல்லை. கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

பெண் ஆசிரியர்கள் நேர்காணலிலேயே கேட்க வேண்டியவையும் உண்டு. வெளியூர்ப் பயணம் மாதத்தில் எத்தனை நாள், மாலை எத்தனை மணி வரை, தனியாகப் போக வேண்டுமா, இரவு வண்டி ஏற்பாடு உண்டா? இதைக் கேட்பதால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைக்கிற இடத்தில் வேலை செய்யவும் வேண்டாம். போனிலேயே முடியும் இன்சைட் சேல்ஸ், கஸ்டமர் சக்சஸ் வேலைகள் குழந்தைகள் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் வசதி. ஆனால் பள்ளி வேலையில் பிள்ளையோடு சேர்ந்து கிடைத்த மே மாத விடுமுறை இனி இருக்காது. வீட்டில் இதை முன்பே பேசி, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்துவிடுங்கள்.

படி 8: பள்ளியிலிருந்து ஒழுங்காக வெளியே வருவது

கல்வியாண்டின் நடுவில் விலகாதீர்கள். பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளைப் பாதியில் விட்டுவிட்டு வருவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம், உங்கள் பெயருக்கும் நல்லதில்லை. பணி ஆணையில் எத்தனை மாத முன்னறிவிப்பு என்று பார்த்து, ஏப்ரல் கடைசியில் விடுபடும்படி கடிதம் கொடுங்கள். சில பள்ளிகளில் விலகுபவருக்கு மே மாதச் சம்பளம் கிடைக்காது, அதையும் கணக்கில் வையுங்கள்.

அசல் சான்றிதழ்கள் பள்ளி அலுவலகத்தில் இருந்தால், விலகல் கடிதத்துக்கு முன்பே ஏதாவது தேவையைச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அனுபவச் சான்றிதழ், பணி விடுவிப்புக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு அல்லது வங்கிக் கணக்கு விவரம் இவையெல்லாம் புது நிறுவனம் கேட்கும்.

பணிக்கொடை பற்றிப் பலருக்குத் தெரிவதே இல்லை. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு. 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் பொருந்தும்படி ஆசிரியர்களைச் சேர்த்தார்கள். பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன, 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளியில் ஐந்து ஆண்டு தொடர்ந்து பணிபுரிந்திருந்தால் கேட்கலாம். கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 13,000 ரூபாய் வாங்கி எட்டு ஆண்டு வேலை பார்த்தவருக்கு 60,000 ரூபாய் வரும். புது வேலையின் முதல் மூன்று மாதத்தைத் தாங்கும் பணம் இது, விட்டுவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பிஎஃப் பிடித்திருந்தால் பணத்தை எடுத்துவிடாமல் யுஏஎன் என்ற உங்கள் பிஎஃப் எண் வழியாகப் புது நிறுவனத்துக்கு மாற்றுங்கள். ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். மாற்றிக்கொண்டால் பள்ளியில் இருந்த ஆண்டுகளும் கணக்கில் சேரும்.

படி 9: முதல் ஆறு மாதம்

உங்களைவிடப் பத்து வயது சின்னவர் மேனேஜராக இருக்கலாம், உங்கள் மாணவராகவே கூட இருந்திருக்கலாம். அவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்வதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஊரில் "வாத்தியார் வேலையை விட்டுட்டு சேல்ஸுக்குப் போயிட்டாராமே" என்று பேசுவார்கள். முதல் சில மாதம் அது உறுத்தும். வீட்டில் இருப்பவர்கள் துணையாக நின்றால் தாண்டிவிடலாம், அதனால்தான் முடிவெடுக்கும்போதே அவர்களையும் உட்கார வைத்துப் பேசச் சொல்கிறேன்.

மறுப்பு வரும், நிறையவே வரும். வகுப்பில் ஒரு பிள்ளை தோற்றால் நம்மேல் பழி போட்டுக்கொள்ளும் மனம் நமக்கு. இங்கே பத்துப் பேரிடம் பேசினால் ஒருவர் இருவர்தான் வாங்குவார்கள், அனுபவசாலிகளுக்கும் அப்படித்தான். வேண்டாம் என்றவரிடம் காரணத்தைப் பணிவாகக் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு மாதக் குறிப்பைச் சேர்த்துப் படித்தால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதை மேனேஜரிடம் கொண்டுபோங்கள். புதிதாகச் சேர்ந்தவர் கொண்டுவரும் மிகப் பயனுள்ள தகவல் அதுதான்.

வாடிக்கையாளர் தப்பாக ஒன்றைச் சொன்னால் திருத்த நாக்கு துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். "நீங்க சொல்றது புரியுதுங்க, இந்தக் கணக்கை ஒரு தடவை சேர்ந்து பார்த்துரலாமா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அவரே கண்டுபிடித்துவிடுவார். சொன்ன தேதியைத் தவற விடாதீர்கள். தவறும் என்று தெரிந்தால் முந்தின நாளே போன் செய்து சொல்லுங்கள். ஓசூர் பர்ச்சேஸ் அதிகாரிகள் தாமதத்தைக் கூடப் பொறுத்துக்கொள்வார்கள், போன் எடுக்காதவரைப் பொறுப்பதில்லை.

ஆறாவது மாதத்தில் தகுதிகாண் காலம் முடியும்போது பணி உறுதிக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதே சந்திப்பில் சம்பளத்தையும் பேசுங்கள். இந்த ஆறு மாதத்தில் நீங்கள் கொண்டுவந்த ஆர்டர்கள், வசூலித்த பாக்கி, விட்டுப் போகாமல் நிறுத்திய வாடிக்கையாளர்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி மேசையில் வையுங்கள். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால் தொகையைச் சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்லும் வரை பொறுத்திருங்கள்.